விண்மீன் திரள்களின் ஒளியை அளக்கையில் வரும் பிழைகள்: அறிகுறி வாரியாக நீக்கும் வழிமுறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மொட்டை மாடியில் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. மாசி பிறந்ததும், இங்கும் புதுச்சேரியிலும் முதுகலை இயற்பியல் படிக்கும் மாணவர்கள் திட்டப்பணிக்காக ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். சிலர் மாடியிலேயே படம் எடுப்பார்கள். பெரும்பாலோர் ஸ்லோன் வான அளக்கை போன்ற பொதுத் தரவுகளிலிருந்து படத்தை இறக்கிக்கொண்டு மடிக்கணினியோடு வந்து உட்காருவார்கள். படம் எங்கிருந்து வந்தாலும் வேலை ஒன்றுதான்: மையத்திலிருந்து வெளியே போகப் போக ஒளி எப்படிக் குறைகிறது என்று அளந்து, நடுப்புடைப்பில் எவ்வளவு ஒளி, தட்டில் எவ்வளவு, மையத்தின் குறுக்கே பட்டை உண்டா இல்லையா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அந்த வேலையில் பிழை வரும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தவற்றை அறிகுறி வாரியாக இங்கே தருகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் ஐந்து நிமிடத்தில் செலவில்லாமல் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலில் வரும். படத்தை மீண்டும் எடுக்கவோ கருவியைப் பிரிக்கவோ நேரும் காரணம் கடைசியில் வரும். அந்த வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

மூலப் படத்தின் நகல் ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, உங்கள் முறை முழுவதையும் ஒன்றும் மாற்றாமல் எம் 105 என்ற நீள்வட்டத் திரளின் படத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். மற்றோர் அட்டவணையில் என்ஜிசி 3379 என்பதும் இதுவே. த வொகூலர், கப்பாச்சோலி ஆகிய இருவரும் 1979இல் இதன் ஒளிப்பரவலை மிக விரிவாக அளந்து, பிறர் தங்கள் அளவீட்டைச் சரிபார்த்துக்கொள்வதற்கான தரப்பொருளாகவே வெளியிட்டார்கள். நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதன் நடுவரை விலக்கம் (வான நடுவரையிலிருந்து உள்ள கோணம்) ஏறத்தாழ வடக்கு பன்னிரண்டரை பாகை, கடலூரின் அகலாங்கு 11.75 பாகை, ஆகவே மாசி மாத நள்ளிரவில் இது கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். காற்றுமண்டலத்தின் குறுக்கீடு அங்கேதான் மிகக் குறைவு.

எம் 105க்கும் தவறான விடை வந்தால் பிழை உங்கள் முறையில் இருக்கிறது. கீழேயுள்ள முதல், இரண்டாம், நான்காம் அறிகுறிகளைப் பாருங்கள். அதற்குச் சரியாக வந்து உங்கள் திரளுக்கு மட்டும் தவறாக வந்தால், பிழை உங்கள் படத்தில் இருக்கிறது, அல்லது அது பிழையே அல்ல. இந்த ஒரு சோதனை பல வாரங்களை மிச்சப்படுத்தும் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

## அறிகுறி 1: வரைபடத்தின் வால் மேலே தூக்குகிறது, அல்லது திடீரென்று கீழே விழுகிறது

வரைபடம் என்பது ஆரத்துக்கு எதிரே ஒளிர்வை வரைந்தது, வால் அதன் வெளிமுனை. என்னிடம் வரும் பத்துக் குறைகளில் ஏழு இதுதான். மாணவர்கள் உடனே திரளின் வெளிப்புறத்தில் ஏதோ விசித்திரம் இருப்பதாக எழுதத் தொடங்கிவிடுவார்கள். திரளைச் சந்தேகிக்கும் முன் வானத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஏன் என்பதை எண்ணிலேயே பாருங்கள். பொலிவெண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். பாகையின் அறுபதில் ஒரு பங்கு வில்நிமிடம், அதன் அறுபதில் ஒரு பங்கு வில்நொடி. வானத்தின் ஒளிர்வு சதுர வில்நொடிக்கு 20 பொலிவெண் என்றும், திரளின் வெளிப்புறம் 25 என்றும் வைத்துக்கொண்டால், ஐந்து பொலிவெண் வேறுபாடு என்பது நூறு மடங்கு. ஒரு பிக்சலில் வானம் 1000 எண்ணிக்கை தருமானால் திரள் அங்கே தருவது 10 மட்டுமே. வானத்தை 1000 என்று கழிப்பதற்குப் பதிலாக 1005 என்று கழித்தால் திரளின் ஒளியில் பாதி போய்விடும். வரைபடம் அந்த இடத்தில் 0.75 பொலிவெண் கீழே இறங்கும். 1010 என்று கழித்தால் அந்த ஆரத்தில் திரளே இருக்காது. 995 என்று கழித்தாலோ இல்லாத ஒளிவட்டம் ஒன்று முளைக்கும். வால் மேலே தூக்கினால் வானத்தைக் குறைவாகக் கழித்திருக்கிறீர்கள். கீழே விழுந்தால் அதிகமாகக் கழித்திருக்கிறீர்கள். முதல் ஊகமாக இதையே கொள்ளுங்கள்.

### வெட்டியெடுத்த படம் சிறியதா?

இது மிக எளிய காரணம், மிக அதிகமாக நேர்வதும் இதுவே. சென்ற ஆண்டு பங்குனியில் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு மாணவி, எம் 105இன் படத்தை ஆறு வில்நிமிடச் சதுரமாக வெட்டி, நான்கு மூலைகளிலும் வானத்தை அளந்திருந்தார். "மூலையில ஒண்ணுமே இல்ல சார், கறுப்பாத்தான் இருக்கு" என்றார். திரையில் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அட்டவணைகளில் அந்தத் திரளின் விட்டமே ஐந்து வில்நிமிடத்துக்கு மேல். அதற்கு வெளியேயும் ஒளி நீள்கிறது. மூலைகளில் அவர் அளந்தது வானத்தையும் திரளின் மங்கலான விளிம்பையும் சேர்த்துத்தான். ஒளி மையத்தில் எவ்வளவு குவிந்து வெளியே எவ்வளவு நீள்கிறது என்பதைச் சொல்லும் செர்சிக் எண் 4க்கு அருகே வரவேண்டும், அவருக்கு 2.6 என்று வந்திருந்தது. படத்தின் மாறுபாட்டைக் கூட்டி, பத்துப் பிக்சல் அகலத்துக்கு மங்கலாக்கிக் காட்டியதும் மூலைவரை பரவியிருந்த வெளிறல் கண்ணுக்கே தெரிந்தது. முழுப் புலத்தையும் மீண்டும் இறக்கினோம். ஸ்லோன் படத்தின் ஒரு புலம் ஏறத்தாழ 13.5 வில்நிமிட நீளமும் 9.8 வில்நிமிட அகலமும் கொண்டது. தேவையானால் பக்கத்துப் புலங்களையும் ஒட்டிக்கொள்ள வேண்டும். அட்டவணை விட்டத்தைப் போல் மூன்று மடங்காவது பக்கமுள்ள படம் இல்லாமல் வானத்தை அளக்காதீர்கள்.

### மென்பொருள் தானாகக் கழித்த வானமா?

எஸ்எக்ஸ்ட்ராக்டர் போன்ற மென்பொருள்கள் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வானத்தை ஊகிக்கின்றன. அதன் இயல்பு அமைப்பில் கட்டத்தின் அளவு 64 பிக்சல். ஸ்லோன் படத்தில் ஒரு பிக்சல் 0.396 வில்நொடி என்பதால், எம் 105 மட்டுமே எண்ணூறு பிக்சலுக்கு மேல் அகலமாக விழுகிறது. அந்தத் திரளுக்குள்ளேயே பல கட்டங்கள் அடங்கிவிடுவதால், திரளின் ஒளியையே வானம் என்று நினைத்து மென்பொருள் கழித்துவிடும். மென்பொருள் கழித்த பின்புலத்தைத் தனிப் படமாக எழுதவைத்துப் பாருங்கள். அதில் உங்கள் திரளின் உருவம் தெரிந்தால் வேறு சான்று வேண்டியதில்லை. தரவை வெளியிட்டவர்கள் முன்பே கழித்து அனுப்பிய வானத்திலும் இது நேரலாம். ஸ்லோன் தரவில் பெரிய திரள்களைச் சுற்றி வானம் அதிகமாகக் கழிக்கப்பட்டிருந்தது அறிந்த செய்தி. 2011இல் வந்த எட்டாம் வெளியீட்டில்தான் அந்த முறை திருத்தப்பட்டது. பழைய வெளியீட்டுப் படத்தை யாரேனும் பென்டிரைவில் கொடுத்தால் அதை வைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

### செய்ய வேண்டிய சோதனை

திரளிலிருந்தும் பிரகாசமான விண்மீன்களிலிருந்தும் விலகி, நான்கு திசையிலும் 30 பிக்சல் பக்கமுள்ள இருபது பெட்டிகளை இடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் இடைநிலை மதிப்பை எடுங்கள். அந்த இருபது மதிப்புகளின் சராசரியே உங்கள் வானம். அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதே வானத்தின் நிச்சயமின்மை. ஒரு பெட்டிக்குள் பிக்சலுக்குப் பிக்சல் உள்ள சிதறலை எடுத்து, பிக்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, நிச்சயமின்மை மிகச் சிறியது என்று எழுதுவது பெரிய தவறு. பெட்டிக்குப் பெட்டி வானம் மாறுவதை அது மறைத்துவிடும்.

பிறகு வரைபடத்தை மூன்று முறை வரையுங்கள்: அளந்த வானத்தைக் கழித்து ஒன்று, அதோடு நிச்சயமின்மையைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. மூன்று கோடுகளும் உள்ளே ஒட்டிச் சென்று எங்கோ ஓரிடத்தில் விசிறிபோல் விரியும். அவை 0.2 பொலிவெண்ணுக்கு மேல் பிரியும் ஆரத்தோடு உங்கள் அளவீடு முடிகிறது. அதற்கு வெளியே வால் தூக்கினாலும் விழுந்தாலும் அதைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது. அதற்கு உள்ளேயே வளைவு தொடங்கி, மூன்று கோடுகளிலும் ஒரே ஆரத்தில் வருமானால், அது திரளின் உண்மையான இயல்பாக இருக்க இடமுண்டு. பல சுருள் திரள்களின் தட்டுகள் ஒரு குறிப்பிட்ட ஆரத்துக்கு அப்பால் உண்மையிலேயே செங்குத்தாகக் குறைகின்றன. வேறு சிலவற்றில் சரிவு குறைகிறது.

இன்னொரு விரைவான சோதனை, ஆரம் கூடக் கூட உள்ளே அடங்கும் மொத்த ஒளியை வரைவது. சரியான வானத்துக்கு அந்தக் கோடு மேலேறிச் சமதளமாக நிற்கும். ஏறிக்கொண்டே போனால் வானம் போதாது. ஏறியபின் இறங்கினால் வானம் மிகை.

## அறிகுறி 2: செர்சிக் எண் நம்பமுடியாத அளவில் வருகிறது, அல்லது எல்லையில் போய் ஒட்டிக்கொள்கிறது

தட்டுக்கு 1ஐ ஒட்டியும், பெரிய நீள்வட்டத் திரளுக்கு 4ஐ ஒட்டியும் வருவது வழக்கம். 8, 10, 15 என்று வந்தாலோ, நீங்கள் கொடுத்த உச்ச வரம்பிலேயே நின்றாலோ, நிரல் உங்களிடம் ஏதோ முறையிடுகிறது என்று கொள்ளுங்கள். வரம்பை மாற்றி அதன் வாயை அடைக்க வேண்டாம்.

முதலில் வானம். மென்பொருளிடமே வானத்தையும் சேர்த்துப் பொருத்தச் சொல்லியிருந்தால், செர்சிக் எண்ணும் வானமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். எண் உயர்ந்தால் திரளுக்குப் பொருத்தும் கணித மாதிரியின் வெளிவால் நீளும், அந்த நீட்சியைச் சரிக்கட்ட வானம் இறங்கும். முதல் அறிகுறியில் அளந்த வானத்தை நிலையாகப் பூட்டிவிட்டு ஓட்டுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்தது அண்டையிலுள்ள ஒளி. எம் 105ஐ எடுத்தவர்கள் ஏறத்தாழ ஏழு வில்நிமிடம் தள்ளியிருக்கும் என்ஜிசி 3384ஐ மறைக்காமல் (கணக்கில் சேராதபடி அந்தப் பிக்சல்களை ஒதுக்காமல்) விட்டுவிடுவார்கள். அதன் வெளியொளி இதன் வெளியொளியோடு கலந்து, திரள் பெரிதாகத் தெரியும், எண் உயரும். மறைப்பைத் தாராளமாகப் போடுங்கள். விண்மீனின் வட்டம் கண்ணுக்கு முடியும் இடத்தில் நிறுத்தாமல் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மறைத்துவிடுங்கள்.

மூன்றாவது, விண்மீன் ஒன்று உங்கள் படத்தில் எவ்வளவு பரவுகிறது என்பதைச் சொல்லும் புள்ளிப் பரவல் சார்பு. அதைக் கொடுக்காமலே ஓட்டினால், கூர்மையான மையம் மழுங்கியதாகக் கருதப்பட்டு எண் இறங்கும். உண்மையைவிட அகலமான பரவலைக் கொடுத்தால் எண் ஏறும். இணையத்தில் கிடைத்த பொதுவான ஒன்றைக் கொடுக்காதீர்கள். உங்கள் படத்திலேயே எண்ணிக்கை உச்ச வரம்பை எட்டி நிறைவுறாத, தனித்து நிற்கும் நான்கைந்து விண்மீன்களை எடுத்து, அவற்றின் வானத்தைக் கழித்து, மையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுங்கள். மாதிரி பொருத்தும் மென்பொருளான கால்ஃபிட்டில் அந்தப் பரவலை மாதிரியோடு கலக்கும் பெட்டியின் அளவையும் பாருங்கள். அது சிறிதாக இருந்தால் பெட்டியின் விளிம்பு, மாதிரியைக் கழித்தபின் மிஞ்சும் எச்சப் படத்தில் சதுரமாகத் தெரியும்.

இம்மூன்றும் சரியென்றால், ஒரே கூறு போதாது என்ற முடிவுக்கு வரலாம். நடுப்புடைப்பும் அகன்ற தட்டும் உள்ள திரளை ஒற்றை மாதிரியில் அடைக்க முயன்றால், உள்ளே கூர்மையும் வெளியே நீட்சியும் சேர்ந்து எண்ணை மேலே தள்ளும். எம் 77, என்ஜிசி 4151 போன்ற, மையம் மிகப் பிரகாசமான செய்ஃபர்ட் திரள்களில் மையத்திலுள்ள புள்ளி ஒளியும் அதையே செய்யும். அங்கே புள்ளிக்கெனத் தனிக்கூறு சேர்க்க வேண்டும். ஆனால் ஒரு கூறு சேர்த்தால் எச்சம் அழகாகிறது என்பதற்காகவே மூன்றாவது, நான்காவது என்று சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். புதிய கூறுக்குக் கண்ணால் காணக்கூடிய உறுப்பு ஒன்று படத்தில் இருக்க வேண்டும்: பட்டை, வளையம், மையப்புள்ளி ஏதேனும். அப்படி எதையும் சுட்டிக்காட்ட முடியாமல் நான்காவது கூறு தேவைப்படுகிற நிலை வந்தால், நிறுத்திவிட்டு இத்துறையில் பணிபுரியும் ஆய்வாளரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி 3: நீள்வட்டங்கள் அலைகின்றன

ஒரே ஒளிர்வுள்ள இடங்களை இணைக்கும் சமஒளிக் கோடுகளுக்கு நீள்வட்டம் பொருத்தும்போது மையம் நகர்கிறது, நீள்வட்டம் நீண்டிருக்கும் திசையான நிலைக்கோணம் தாவுகிறது, நீள்வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஐராஃப் மென்பொருளிலும் பைத்தான் மொழியின் போட்டுடில்ஸ் தொகுப்பிலும் உள்ள நிரல்கள் ஒரே வழிமுறையைப் பின்பற்றுவதால் இரண்டிலும் ஒன்றுபோலவே நேரும்.

தாவல் எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஆரத்தில் திடீரென்று தாவி மீண்டும் பழைய நிலைக்கு வந்தால், அந்த ஆரத்தில் மறைக்கப்படாத விண்மீன் ஒன்று இருக்கிறது. நீள்வட்டங்களைப் படத்தின்மீது வரைந்து பாருங்கள். எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அங்கே தேடுங்கள். தொடக்கத்திலிருந்தே ஒழுங்கில்லாமல் இருந்தால், நீங்கள் கொடுத்த முதல் ஊகம் தவறு. மையத்தை ஒரு பிக்சல் துல்லியத்துக்குக் கொடுத்து, தொடக்க ஆரத்தைத் திரளின் நடுப்பகுதியில் வைத்து, அங்கிருந்து வெளியேயும் உள்ளேயும் போகச் சொல்லுங்கள். வெளிப்புறத்தில் மட்டும் அலைந்தால், அங்கே ஒளி போதவில்லை. கடைசியாக நம்பத்தகுந்த நீள்வட்டத்தின் மையத்தையும் கோணத்தையும் பூட்டிவிட்டு ஒளியை மட்டும் அளந்துகொண்டு போகலாம்.

மெல்ல, தொடர்ச்சியாகத் திரும்பினால் அது பெரும்பாலும் உண்மை. எம் 95 போன்ற பட்டைச் சுருளில் பட்டையின் நீளம் வரை கோணம் ஒரே நிலையில் நிற்கும், நீள்மை ஏறிக்கொண்டே வரும். பட்டை முடிந்ததும் நீள்மை சரிந்து, கோணம் தட்டின் கோணத்துக்கு மாறும். அந்த மாற்றம் நிகழும் ஆரமே பட்டையின் நீளத்துக்கு நல்ல மதிப்பீடு. அதைப் பிழையென்று நீக்கிவிடாதீர்கள். ஐயமிருந்தால் அதே திரளைச் சிவப்பு நோக்கிய வடிகட்டி ஒன்றில் மீண்டும் அளந்து பாருங்கள். தூசியாலும் இளம் விண்மீன்களாலும் வரும் அலைச்சல் அங்கே அடங்கிவிடும். பட்டையால் வருவது அப்படியே நிற்கும்.

துணைத்திரள் மேலே படிந்திருப்பது கடினமான வகை. ஆண்ட்ரோமெடாவின் மையத்திலிருந்து ஏறத்தாழ 24 வில்நிமிடத்தில் எம் 32 அதன் தட்டின்மேலேயே விழுந்து கிடக்கிறது. மறைத்தால் தட்டின் ஒரு பகுதி போய்விடும். விட்டால் நீள்வட்டம் அந்தப் பக்கம் இழுபடும். முதலில் மறைத்துப் பெரிய திரளுக்கு மாதிரி எடுங்கள். அந்த மாதிரியை மூலப் படத்திலிருந்து கழியுங்கள். மீதியில் சிறியதற்கு மாதிரி எடுங்கள். அதை மூலப் படத்திலிருந்து கழித்துவிட்டுப் பெரியதை மறுபடி அளவிடுங்கள். இரண்டு மூன்று சுற்றுகளில் எண்கள் அசையாமல் நிற்கும். எம் 51க்கும் அதன் துணையான என்ஜிசி 5195க்கும் இதே வழிதான், ஆனால் அங்கே இரண்டும் ஒன்றையொன்று உருக்குலைத்திருப்பதால் எச்சம் ஒருபோதும் சுத்தமாக வராது.

எம் 32ஐப் பற்றி நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அதை 1749இல் முதன்முதலில் கண்டவர் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1769 ஜூன் 4 காலையில், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரியில் கருவிகளோடு காத்திருந்தவரும் அவரே. அன்று மேகம் மூடிவிட்டது. எம் 32இல் சிக்கும் மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுத்தான் மறைப்புப் போடத் தொடங்குவேன்.

## அறிகுறி 4: எல்லா ஆரத்திலும் ஒரே அளவு தள்ளி நிற்கிறது

வரைபடத்தின் வடிவம் சரியாக இருந்து, பிறர் வெளியிட்ட அளவிலிருந்து முழுக்கோடும் ஒரே அளவு மேலேயோ கீழேயோ நின்றால் கவலைப்பட வேண்டாம். அந்த வேறுபாடே தன் பெயரைச் சொல்லும்.

2.01 என்றால் ஸ்லோன் பிக்சலின் பரப்பை மறந்து, சதுர வில்நொடிக்குப் பதிலாகப் பிக்சலுக்கு எழுதிவிட்டீர்கள். 0.262 வில்நொடிப் பிக்சல் கொண்ட படத்தில் அதே மறதி 2.91 ஆக வரும். 1.51 என்றால் இரண்டுக்கு இரண்டாகப் பிக்சலைச் சேர்த்துப் படமெடுத்துவிட்டுப் பழைய பிக்சல் அளவையே பயன்படுத்துகிறீர்கள். 0.75 என்றால் எங்கோ ஒரு இரண்டு தவறியிருக்கிறது. இரண்டு படங்களைச் சராசரி எடுப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கலாம். 300 நொடிப் படத்தை நேரத்தால் வகுக்க மறந்தால் 6.19. ஸ்லோன் படங்களின் ஒளி அலகு நானோமேகி, அதைப் பொலிவெண்ணாக மாற்றும் சுழிப்புள்ளி 22.5, வேறொரு சுழிப்புள்ளியை அதற்குப் போட்டால் வேறுபாடு எதுவாகவும் வரலாம்.

சிறிய வேறுபாடுகளுக்கு நம் பால்வெளியின் தூசியைத் திருத்தினீர்களா, ஒப்பிடும் கட்டுரை பொலிவெண்ணை வேகா அளவையில் தருகிறதா ஏபி அளவையில் தருகிறதா என்று பாருங்கள். வி வடிகட்டியில் இரண்டு அளவைகளுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. சிவப்புக்கு அப்பால் அது பெரிதாகிக்கொண்டே போகும். தானியங்கி அட்டவணையோடு ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: பெரிய, அருகிலுள்ள திரளைத் தானியங்கி நிரல் பல துண்டுகளாக உடைத்து ஒவ்வொன்றையும் தனிப்பொருளாகப் பதிந்துவிடுவதுண்டு. அந்நிலையில் தவறு அட்டவணையில்தான்.

வேறுபாடு ஆரத்தோடு மாறினால் இது இந்த அறிகுறியே அல்ல. முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 5: எச்சப் படத்தின் நடுவில் குழி, வளையம், கோடு

மாதிரியைக் கழித்த பின் நடுவில் கறுப்புக் குழி தெரிந்தால், மூலப் படத்தின் மையப் பிக்சலின் எண்ணைப் படியுங்கள். 16 பிட் கேமராவில் அது 65535 என்றோ அதற்கருகில் தட்டையாகவோ இருந்தால் மையம் நிறைவுற்றுவிட்டது. அந்தப் பிக்சல்களை மறைத்துவிட்டு ஓட்டுங்கள், அல்லது குறைந்த நேரப் படம் ஒன்றை மையத்துக்கென எடுங்கள். குழியும் வெள்ளை வளையமும் மாறி மாறி வந்தால் புள்ளிப் பரவல் பொருந்தவில்லை. இரண்டாம் அறிகுறியில் சொன்னபடி புதிதாக எடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் தூசி. எம் 104இன் தூசிப் பட்டையை எந்த மாதிரியாலும் பொருத்த முடியாது, மறைக்கத்தான் வேண்டும். எம் 87இல் மையத்திலிருந்து ஒரு பக்கமாக நேர்க்கோடு ஒன்று புறப்பட்டுச் சென்றால், அதைக் கேமராக் கோளாறு என்று அழித்துவிடாதீர்கள். 1918இல் ஹீபர் கர்டிஸ் குறித்துவைத்த பீச்சொளி அது. அதை முதன்முதலாகத் தன் எச்சப் படத்தில் கண்டெடுக்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் எம் 87ஐப் பயிற்சிக்குக் கொடுக்கிறேன்.

## அறிகுறி 6: படத்தின் ஒரு பக்கம் வெளிறியிருக்கிறது, அல்லது விண்மீன்கள் ஊதிப்போயிருக்கின்றன

இது நம் மாடிகளில் எடுத்த படங்களுக்கு மட்டும்.

வெளிறல் எந்தத் திசையில் என்று பாருங்கள். கடலூரில் வடக்கே புதுச்சேரியின் ஒளியும், தென்மேற்கே நெய்வேலியின் ஒளியும் அடிவானத்தில் நிற்கும். கிழக்கே கடல் என்பதால் அந்தப் பக்கமே நமக்கு இருட்டு. ஆண்ட்ரோமெடா உச்சிக்கு வரும்போது வடக்கே அறுபது பாகை உயரத்தில் புதுச்சேரித் திசையிலேயே நிற்கிறது, அது மாலையில் அங்கே வரும் மாதங்களோ வடகிழக்குப் பருவமழை மாதங்கள். ஆகவே தை மாத முன்னிரவில் கிடைப்பதைக் கொண்டு திருப்தியடைய வேண்டும். கன்னிக் கொத்தின் திரள்கள் அப்படியல்ல. பங்குனி நள்ளிரவில் தலைக்கு மேலே, எல்லா ஊர் ஒளியையும் விட்டு விலகி நிற்கும்.

வெளிறல் ஒரே சீராகச் சரிந்தால் சாய்ந்த தளம் ஒன்றைப் பொருத்திக் கழித்துவிடலாம். அதற்கு மேற்பட்ட படியுள்ள வளைபரப்பைப் பொருத்தினால் அது திரளின் வெளியொளியையும் சேர்த்துத் தின்றுவிடும், அதைச் செய்யாதீர்கள். சரிவு எல்லா இரவிலும், எல்லாத் திசையிலும் ஒரே மூலையில் இருந்தால் குற்றம் வானத்தில் இல்லை, சீரான ஒளியில் எடுத்துத் திருத்தத்துக்குப் பயன்படுத்தும் ஃப்ளாட் படத்தில் இருக்கிறது. கேமராவைக் கழற்றாமல், குவியத்தை மாற்றாமல், அன்றைய அந்தி வானத்திலேயே புதிதாக ஃப்ளாட் எடுங்கள்.

விண்மீன்கள் ஊதிப்போவதற்கு எங்களூரில் முதற்காரணம் பனி. "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். இரவு பதினொரு மணிக்குப் பின் முன்கண்ணாடியில் அது படிந்துவிடும். இரவின் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் அதே விண்மீனின் அகலத்தையும் மொத்த எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். அகலம் கூடி எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் பனியேதான். அந்த நேரத்துக்குப் பிந்திய படங்களை இரக்கமில்லாமல் ஒதுக்கிவிடுங்கள். ஒரு பனிபடிந்த படத்தைச் சேர்த்தாலும் திரளைச் சுற்றிப் பொய்யான ஒளிவட்டம் வரும். முன்கண்ணாடியைப் போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள தடுப்புக்குழலும், மெல்லச் சூடாகும் பட்டியும் போதும். துணியால் துடைக்கக்கூடாது. தேவனாம்பட்டினக் கடற்கரையிலிருந்து வரும் காற்றில் உப்பு இருக்கிறது. துடைத்தால் அது பூச்சைக் கீறிவிடும்.

முதல் படத்திலிருந்தே விண்மீன்களைச் சுற்றி வெளிறல் இருந்தால், டார்ச்சைச் சாய்வாக அடித்துக் கண்ணாடியின் உட்புறத்தைப் பாருங்கள். சிலந்தி வலைபோல் கிளைத்த மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. இங்கே நீங்கள் நிறுத்த வேண்டும். குழலைத் திறந்து நீங்களே துடைத்தால் ஒளியச்சு கலையும், பூச்சு போகும். தொலைநோக்கி ஒளியியலைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். இந்தக் கட்டுரையில் உள்ளவற்றில் அதிகச் செலவு வைப்பது இதுவே.

## அறிகுறி 7: பிழை எல்லை மிகச் சிறியது

திரளின் பாதி ஒளி அடங்கும் அரையொளி ஆரம் 31.42 வில்நொடி, கூட்டியோ குறைத்தோ 0.01 என்று நிரல் தந்தால் அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். கால்ஃபிட்டுக்குத் தனியாக இரைச்சல் படம் கொடுக்காவிட்டால், அது படத்தின் எண்ணிக்கையிலிருந்தும் கோப்பின் தலைப்பிலுள்ள கெயின் மதிப்பிலிருந்தும் (ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை எலக்ட்ரான் என்பது) தானே ஒன்றை ஆக்கிக்கொள்ளும். நானோமேகியிலோ நொடிக்கு இத்தனை என்ற அலகிலோ உள்ள படத்தை நேரடியாகக் கொடுத்தால் அந்தக் கணக்கு முற்றிலும் தவறிவிடும். எண்ணிக்கைக்கு மாற்றிக் கொடுங்கள். அதைச் சரிசெய்த பிறகும், உண்மையான நிச்சயமின்மையை முதல் அறிகுறியில் சொன்ன மூன்று வானங்களோடு மூன்று முறை ஓட்டித்தான் பெற வேண்டும். பெரும்பாலும் அது நிரல் சொன்னதைப்போல் பல மடங்காக இருக்கும்.

திரளின் வெளிப்புறம் விந்தையாகச் சிவந்து தெரிந்தால், இரண்டு வடிகட்டிகளிலும் புள்ளிப் பரவல் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

## இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால்

எம் 105க்குச் சரியாக வந்து, வானத்தைப் பூட்டி, மறைப்பைப் பெரிதாக்கி, புள்ளிப் பரவலைப் புதிதாக எடுத்து, இரண்டு வடிகட்டிகளிலும் அதே விந்தை நிற்குமானால், அது இனி உங்கள் மேசையில் தீரக்கூடியது அல்ல. உங்கள் வழிகாட்டியிடமும், அவர் வழியாக, காவலூரில் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி போன்ற கருவிகளில் படமெடுத்துப் பழகியவர்களிடமும் போங்கள். போகும்போது வரைபடத்தின் படத்தை மட்டும் கைப்பேசியில் காட்டாதீர்கள். கழிக்கப்படாத மூலப் படம், மறைப்புப் படம், புள்ளிப் பரவல் படம், நிரலுக்குக் கொடுத்த உள்ளீட்டுக் கோப்பு, எச்சப் படம், இருபது பெட்டிகளின் இடங்களும் மதிப்புகளும், எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்ற குறிப்பேடு ஆகிய ஏழையும் ஒரே உறையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது பெட்டிகளின் மதிப்புகளைத்தான்.